தபால்பெட்டியாக நின்ற பதினொரு பக்கங்கள்

என் வாழ்நாளில் நான் கற்பனையைப் பயன்படுத்தியது ஒரே ஒரு நாள்தான். அன்று நடந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

மற்ற நாட்களில் நான் ஒழுங்கான ஆள். இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஸ்கேல் வைத்து ஓரக்கோடு போட்ட பிறகுதான் தேதியே எழுதுவேன். வீடு சேந்தமங்கலத்தில். வேலை கொல்லிமலை மேலே, எடப்புளி நாட்டில் (மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) ஒரு கிளை நூலகத்தில். காலை பஸ் காரவள்ளியைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் நோட்டைத் திறந்துவிடுவேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் எந்தப் பயணி ஜன்னலுக்குத் தாவினார் என்பது வரை அதில் இருக்கிறது. (முப்பத்தெட்டாவது வளைவில்தான் அதிகம். காரணம் தெரியவில்லை. தொடர்ந்து கவனித்து வருகிறேன்.)

இப்படிப்பட்டவன்தான் நான்கு வருடத்துக்கு முன், நாற்பத்தெட்டாவது வயதில், ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையைப் பார்த்து, ‘இதில் ஏதோ குறைகிறது’ என்று முடிவு செய்தேன். அந்த நாற்பத்தெட்டு வயது மனிதனை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நல்லவன்தான். ஆனால் அவனுக்குத் தன் ரசனைமேல் அபார நம்பிக்கை இருந்தது.

புத்தகம் என் மகள் ரிஸ்வானாவுடையது. கோயம்புத்தூரில் கல்லூரிப் படிப்பு. விடுதி அறை முழுக்க மாங்கா என்று சொல்லப்படும் இந்த ஜப்பானியக் கதைகள். (ஊறுகாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஒரு விடுமுறையில், அப்படி ஒரு கதையை நிஜ நடிகர்களை வைத்து எடுத்த படத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டினாள். கதாநாயகன் கழுத்தில் துண்டைச் சுற்றிய விதத்தைப் பார்த்து அவள் சோபாவிலிருந்து துள்ளினாள்.

“அத்தா, புக்குல அப்படியே இதே மாதிரிதான் சுத்தியிருப்பான். இடது பக்கம் நீளம், வலது பக்கம் குட்டை.”

“தெரிஞ்ச கதை, தெரிஞ்ச துண்டு. இதுல என்னம்மா சந்தோஷம்?” என்று கேட்டேன்.

“என் மனசுக்குள்ள இருந்த படத்தை இவங்க எங்கிருந்து எடுத்தாங்கன்னு இருக்குத்தா.”

எனக்குப் புரியவில்லை. அன்றைய குறிப்பில், ‘துண்டு – காரணம் விளங்கவில்லை’ என்று எழுதி வைத்தேன்.

அவள் போகும்போது ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போனாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம், ஆங்கிலம். நான் அதை நன்கொடையாகப் பதிவேட்டில் ஏற்றி, பேச்சுக் குமிழ்களின் அளவுக்கு வெள்ளைத்தாள் வெட்டி, தமிழில் எழுதி ஒட்டினேன். வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டிய புத்தகம். சிறுவயதில் மதரஸாவில் ஏழு வருடம் ஓதியவனுக்கு அதில் சிரமமில்லை. மற்றவர்களுக்காகச் சிவப்பு மையில் அம்புக்குறி போட்டேன்.

கதை இதுதான். மலைமேல் ஒரு வீடு. அண்ணன் மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. அவனுடைய ஷூ வாசலிலேயே இருக்கிறது. தங்கை அதன்பிறகு வீட்டை விட்டு இறங்கவுமில்லை, வாய் திறந்து பேசவுமில்லை. ஊரார் வருகிறார்கள், பேசுகிறார்கள், போகிறார்கள். கடைசிப் பகுதியில் பதினொரு பக்கத்துக்கு வசனமே கிடையாது. அவள் வாசலில் உட்கார்ந்து ஆறிப்போன சோற்று உருண்டையைத் தின்கிறாள். விரலில் ஒட்டிய உப்பை நக்குகிறாள். அண்ணன் ஷூவில் காலை நுழைக்கிறாள், பெரிதாக இருக்கிறது. மூன்று தரம் நாடாவை இறுக்குகிறாள். எழுந்து நடந்து, வாசலுக்கு எதிரே இருக்கிற சிவப்புத் தபால்பெட்டியில் ஒரு கடிதத்தைப் போடுகிறாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் வீட்டைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்கிறாள். அதற்குக் கீழே வெறும் வாசல் படம். முடிந்தது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘கிளம்புகிறேன்’ என்பதுபோல இருந்தது. நான் ‘போறேன்’ என்று எழுதி ஒட்டினேன். மூன்றாவது நாளே, பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் ராசம்மா அக்கா புத்தகத்தோடு வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

“ஏனுங்க சார், ஊட்டை உட்டு எறங்கறப்ப போறேன்னு எவளாச்சும் சொல்லுவாளா? அதுவும் அண்ணன் வராத ஊட்டுல?”

‘வாரேன்’ என்று திருத்தி ஒட்டினேன். பிறகு ரிஸ்வானா விசாரித்துச் சொன்னாள்: ஜப்பானியர்களும் வீட்டை விட்டு இறங்கும்போது போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்களாம். மூலத்தைப் பார்க்காமலே ராசம்மா அக்கா மூலத்துக்குப் போய்விட்டிருந்தார். அப்போதே நான் உஷாராகியிருக்கவேண்டும்.

அந்தப் புத்தகம் அலமாரிக்குத் திரும்பவே இல்லை. மிளகு, மரவள்ளித் தோட்டத்து வேலை முடிந்து வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று எல்லாரும் வரிசையில் இருந்தார்கள். ஒருவருக்கும் தலைப்பு வாயில் நுழையவில்லை. ‘ஷூ புஸ்தகம்’ என்று கேட்டார்கள். நானும் வேறு வழியில்லாமல் வழங்கல் பதிவேட்டில் அப்படியே எழுதினேன். கதாநாயகியின் பெயரும் யாருக்கும் வரவில்லை. அவள் ‘அந்தப் புள்ள’. பதினோரு மாதத்தில் நூற்று எட்டு முறை வழங்கியிருக்கிறேன். புத்தகத்தின் முதுகை மூன்று முறை தைத்திருக்கிறேன்.

எனவே அந்த வருட நூலக வார விழாவுக்கு ஷூ புஸ்தகத்தையே மேடையேற்றுவது என்று வாசகர் வட்டம் தீர்மானித்தது. ரிஸ்வானா கோவையிலிருந்து தொலைபேசியில் இயக்குநர். நான் பொறுப்பாளர். அறிவிப்புப் பலகையில், ‘நடிக்க விரும்புவோர் பெயர் கொடுக்கவும்’ என்று எழுதினேன்.

அந்தப் புள்ளையாக நடிக்க ஆள் கிடைக்கவில்லை. “வசனமே இல்லாம எதுக்குங்க சார் மேடை?” என்று பள்ளிப் பெண்கள் கழன்றுகொண்டார்கள். அப்போதுதான் பூங்கொடி வந்தார். முப்பத்துநான்கு வயது. ஒன்றரை ஏக்கர் மிளகும் மரவள்ளியும் பார்த்துக்கொள்பவர். பேச்சு திக்கும். நூலகத்துக்கு வந்தால் கேட்கவேண்டிய புத்தகத்தைக் கையால் காட்டிவிட்டுப் போய்விடுவார். அன்று காட்டவில்லை, பேசினார். அவர் சொன்னதை இங்கே தடங்கலில்லாமல் எழுதுகிறேன். சொல்லி முடிக்க நான்கு நிமிடமாயிற்று.

“சார், நான் ‘த’ன்னு ஆரம்பிச்சா எங்க ஊட்டுல தண்ணி கொண்டாந்து நீட்டிருவாங்க. நான் தலைவலின்னு சொல்ல வந்திருப்பேன். நல்ல மனசோடதான் செய்யறாங்க. ஆனா கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல ஒரு பேச்சைக்கூட நானா முடிச்சதில்லீங்க. அந்தப் புள்ள ஒரே ஒரு வார்த்தை சொல்லுது. அதை ஊர் முன்னால நானா ஆரம்பிச்சு, நானா முடிக்கோணும்.”

நான் ரிஸ்வானாவுக்குப் போன் செய்து, “கதையில் வயசு பதினாறு, இவங்களுக்கு முப்பத்துநாலு” என்றேன்.

“வயசை உடுங்கத்தா. உக்காந்தா எப்படி இருக்காங்க?”

புகைப்படம் அனுப்பினேன். நூலகப் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பூங்கொடி. நூற்று எண்பத்தோராம் பக்கம் அப்படியே இருந்தது. ரிஸ்வானாவிடமிருந்து பதில் வர இரண்டு நிமிடமாயிற்று. “அத்தா, எனக்கு அழுகை வருது” என்று அனுப்பியிருந்தாள்.

நாற்பது நாள் ஒத்திகை. மாலை நான்கரைக்கு நூலகத்துக்குப் பின்னால். புத்தகம்தான் வசனநோட்டு. ஒவ்வொரு கட்டமும் எத்தனை விநாடி என்று நான் நோட்டில் எழுதினேன். ஷூ பூங்கொடியின் கணவருடையது, பத்தாம் நம்பர். சோற்று உருண்டை பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அரிசிச் சோறா, சாமைச் சோறா?

“எந்தச் சோறா இருந்தா என்னங்க?” என்றார் ராசம்மா அக்கா. “உப்பு வெளிப்பக்கம் இருக்கோணும். உள்ள போட்டுப் பெசஞ்சுட்டா அது எதை நக்கும்?”

சாமைச் சோறு, உப்பு வெளிப்பக்கம் என்று முடிவானது.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு முழு ஒத்திகையில் அந்தப் பதினொரு பக்கத்துக்கு நேரம் பார்த்தேன். ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி. சத்தமே இல்லாமல். என் வயிற்றில் முப்பத்தெட்டாவது வளைவு வந்துவிட்டது. இரண்டு நிமிடம் மைக் வேலை செய்யாவிட்டாலே எழுந்து போகிற ஜனங்கள். பத்து நிமிடம் ஒரு பெண் சோறு தின்பதை உட்கார்ந்து பார்ப்பார்களா?

அன்றுதான் கற்பனை வந்தது. நான் அழைக்கவில்லை, தானாகத்தான் வந்தது. முதலில் ஒரு சோகப்பாட்டு எழுதினேன். மெட்டு, கல்யாண வீடுகளில் பந்தி முடியும் நேரத்தில் போடும் ஒரு பாட்டுடையது. சேந்தமங்கலத்தில் கீபோர்டு வாசிப்பவர் ஒருவரைப் பிடித்துப் பாடவைத்துப் பென் டிரைவில் வாங்கினேன். பிறகு, ஜனங்கள் சிரிப்பதற்கு ஒரு வேடிக்கைப் போலீஸ்காரரைப் படைத்தேன். அதில் நடிக்க ஒருவர்தான் தகுதியானவர் என்று பட்டது. (நான்.) பேண்டு வாத்தியக்காரர் ஒருவரிடம் சிவப்புக் கோட்டு இரவல் வாங்கினேன், தோளில் தங்கக் குஞ்சலம் தொங்கியது. போலீஸ்காரர் ஏன் சிவப்பில் வருகிறார் என்ற கேள்வியைக் கற்பனை கேட்கவிடவில்லை. மூன்றாவதாக, பூங்கொடிக்குப் பத்தொன்பது வரி வசனம் எழுதினேன். ‘கடல் அன்னையே, என் அண்ணனைத் திருப்பித் தா’ என்று தொடங்கும். அதை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது என்பதை நாட்குறிப்பில் பார்க்கிறேன். அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

இத்தனையும் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரையும் ஆச்சரியப்படுத்தப் போகிறேனாம்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு நாடகம். காலை பஸ்ஸில் ரிஸ்வானாவும் என் மனைவி மெஹருன்னிசாவும் என்னோடு வந்தார்கள். பத்து மணிக்கு, பள்ளி மைதானத்து மேடைக்குப் பின்னால், பூங்கொடியிடம் தாளை நீட்டினேன்.

படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். “சார், இ... இது...” என்றார்.

“நல்லா வந்திருக்கு, இல்ல?” என்றேன் நான்.

நாற்பது நாள் அவரோடு இருந்தவன். எதற்காக வந்தேன் என்று என்னிடம்தான் அவர் சொன்னார். அப்படியும் அவர் வாக்கியத்தை நான் முடித்துவைத்துவிட்டுப் போனேன். அவர் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மைதானத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர், மதில்மேல் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரையும் சேர்த்து. முதல் பகுதி நன்றாகவே போனது. ஊரார் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். ஜனங்கள் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார்கள். தபால்பெட்டி மட்டும் இல்லை. தகரத்தில் செய்து தருகிறேன் என்று சொன்னவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். ‘தபால்பெட்டி – அவசியமில்லை’ என்று காலையில்தான் குறித்திருந்தேன்.

பிறகு பூங்கொடி வந்து வாசலில் உட்கார்ந்தார். மைதானம் சட்டென்று அமைதியானது. அந்த அமைதியை ஆபத்து என்று நினைத்து, நான் பாட்டைப் போடச் சைகை காட்டினேன்.

ஒலிபெருக்கியிலிருந்து பந்திப் பாட்டு மெட்டில் சோகம் கிளம்பியது. முன்வரிசையில் ஒருவர், “சாப்பாடு போடறாங்களா?” என்று திரும்பிப் பார்த்தார். “பாட்டை நிறுத்துங்க” என்று நான்கைந்து குரல் வந்தது. ஒலிபெருக்கிக்காரர் யோசிக்காமல் நிறுத்திவிட்டார். நிலைமையைக் காப்பாற்ற நான் மேடையில் குதித்தேன். குதித்தேன் என்றால் குதித்தேன். மேடைப் பலகை ஒருமுறை என்னைத் திருப்பி மேலே அனுப்பியது.

“யாரது இங்கே? நான்தான் கான்ஸ்டபிள் முந்நூற்றிரண்டு!” என்று சல்யூட் அடித்தேன். குஞ்சலம் கண்ணில் பட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒட்டுமீசையின் இடதுபாதி மெதுவாகக் கழன்று இறங்குவது எனக்குத் தெரிந்தது.

கூட்டத்தின் நடுவிலிருந்து ராசம்மா அக்கா எழுந்தார். கையில் நூலகத்துப் புத்தகம். (அன்று அவருக்குத்தான் வழங்கியிருந்தேன். வழங்கல் எண் நூற்று ஒன்பது.)

“ஏனுங்க சார், நீங்க எத்தனாவது பக்கத்துல வர்றீங்க?”

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுதிய நகைச்சுவைக்கு அல்ல.

“நான்... புதுசாச் சேத்தது” என்றேன்.

“நாங்க பழசைப் பாக்கத்தானுங்களே வந்தோம்” என்றது மதில்மேலிருந்து ஒரு குரல்.

இதற்குள் பூங்கொடி இடுப்பிலிருந்து என் தாளை எடுத்திருந்தார். பொறுப்பான பெண். கொடுத்ததைச் செய்ய நினைத்திருக்கிறார். ‘கடல்’ என்பதன் முதலெழுத்தில் மாட்டிக்கொண்டார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஊரில் எப்போதும் உதவிக்கு வருகிற யாராலும் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொடுக்க முடியவில்லை. என்னைத் தவிர ஒருவருக்கும் அது தெரியாது. எனக்கோ, என் வசனமே மறந்துவிட்டது. நாற்பது நாள் உழைத்த ஒரு மனுஷியை, மலையே பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், ஏறிவரவே முடியாத ஒரு பள்ளத்தில் இறக்கிவிட்டு, தங்கக் குஞ்சலத்தோடு பக்கத்தில் நிற்கிறேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். பூமி அன்று விடுமுறை.

“கண்ணு,” என்றார் ராசம்மா அக்கா. குரல் மாறியிருந்தது. “அது புஸ்தகத்துல இல்ல சாமி. அதை உட்டுடு. நூத்தி எண்பத்தி ஒண்ணுல இருந்து எடு. நாங்க இருக்கறோம்.”

பூங்கொடி தாளை மடித்தார். என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேடையிலிருந்து இறங்க அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த இடத்தில் கதையில் ஆளே கிடையாது. ஓரத்திலிருந்து ரிஸ்வானா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“அத்தா, அசையாதீங்க. செவப்புக் கோட்டுதானே. தபால்பெட்டியா நில்லுங்க.”

ராசம்மா அக்கா கையிலிருந்த புத்தகத்தை, பக்கத்திலிருந்த சிலர் அவசரமாகப் புரட்டிப் பார்த்தார்கள். “ஆமாங்க, வலது பக்கம் பெட்டி இருக்குதுங்க” என்றார் ஒருவர். “சார், ரெண்டடி தள்ளி. இன்னுங் கொஞ்சம். போதுங்க.” ஒரு பெரியவர், “பெட்டிக்கு மீசை இல்லீங்க சார்” என்றார். மீசையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கைகளை உடம்போடு ஒட்டி நின்றேன்.

பதினொரு பக்கம் நின்றேன்.

அந்தப் பதினொரு பக்கத்தை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன், வெட்டியிருக்கிறேன், ஒட்டியிருக்கிறேன். ஆனால் அன்றுதான் பார்த்தேன். பூங்கொடி உருண்டையை எடுத்தபோது ஒரு பிள்ளை, “நூத்தி எண்பத்தி ரெண்டு” என்று கிசுகிசுத்தது. உப்பை நக்கியபோது இருநூறு பேரும் வாய்க்குள் நாக்கைப் புரட்டியது எனக்குக் கேட்டது. ஷூவில் காலை நுழைத்து ஒரு எட்டு வைத்தார். ‘சளக்’ என்றது. காகிதத்தில் அந்தச் சத்தம் கிடையாது. ஆனாலும் கூட்டம் முழுக்க ஒரு சந்தோஷச் சிரிப்பு ஓடியது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் அதைத் தனியாகப் படிக்கும்போது மனதுக்குள் கேட்டிருந்த சத்தம் அதுதான் போலிருக்கிறது. ரிஸ்வானா துண்டைப் பார்த்து ஏன் துள்ளினாள் என்று அப்போதுதான் விளங்கியது. இதுவரை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடிந்த புத்தகம் அது. இருந்தது ஒரு பிரதி. அன்றைக்கு ஊரே ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைப் புரட்டியது. பக்கத்தில் இருப்பவருக்கும் இதே இடத்தில்தான் நெஞ்சு அடைத்ததா என்று திரும்பிப் பார்த்துக்கொள்ள, இடையில் யாரும் எதையும் மாற்றாமல் இருக்கவேண்டும். நான்தான் அதற்கு நடுவில் பாட்டுப் போடப் பார்த்தேன்.

(ஏழாவது பக்கம் நடக்கும்போது ஒரு நாய் மேடையேறியது. என் காலை முகர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்னங்காலைத் தூக்குவதா என்று யோசித்தது. நான் அசையவில்லை. தபால்பெட்டி அசையாது. ராசம்மா அக்கா ஒரு செருப்பை வீசினார். அது நாய்மேல் படவில்லை. என்மேல் பட்டது. நாய் போய்விட்டது.)

பூங்கொடி மூன்றாம் முறையாக நாடாவை இறுக்கிக்கொண்டு எழுந்து என் முன்னால் வந்தார். அவர் கடிதம் போடவேண்டும். கையிலிருந்தது என் பத்தொன்பது வரி, நான்காக மடித்தபடி. அதைக் கோட்டுப் பையின் மேல் வைத்து, ஒரு விரலால் உள்ளே தள்ளினார். புத்தகத்திலும் அப்படித்தான், ஒரு விரலால். நாடகத்துக்காகச் செய்தாரா, எனக்காகச் செய்தாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“வா... வா...” என்றார். ‘வா’வில் நின்றுவிட்டது. உதடு குவிந்தது, ஒலி வரவில்லை.

அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல் தெரியும். ராசம்மா அக்கா என்னைத் திருத்தி அங்கே ஒட்டவைத்த சொல் அது. பூங்கொடியின் மாமியார் இரண்டாவது வரிசையில். ‘த’ என்றால் தண்ணீர் கொண்டுவருகிறவர். அவர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பெட்டி கைக்கடிகாரம் பார்க்கக்கூடாது என்பதால் மனதுக்குள் எண்ணினேன். பதினாறு வரை எண்ணினேன்.

“வாரேன்” என்றார் பூங்கொடி. முழுசாக. நிதானமாக. கடைசி ‘ன்’ வரைக்கும்.

கைதட்டல் உடனே வரவில்லை. அதற்கு முன், யாரும் திட்டமிடாமல், பாயிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் மதில்மேலிருந்தும் ஒன்றாக ஒரு பதில் வந்தது.

“போய்ட்டு வா, கண்ணு.”

மேடைக்குப் பின்னால் போனதும், நான் பழைய ஆளாக மாறிவிட்டேன் என்பதை நிரூபிக்கும் வேகத்தில் ராசம்மா அக்காவிடம் கேட்டேன். “அக்கா, கடைசிப் பக்கத்துல பதில் கிடையாதே. வெறும் வாசல்தானே?”

“இல்லீங்கதான்” என்றார், என்மேல் பட்ட செருப்பை மாட்டிக்கொண்டே. “அதுக்கோசரந்தான் அந்த எடத்தைக் காலியா உட்டிருக்கறாங்க. நீங்க காலியா இல்லாத எடத்துல கொண்டு போய் அடைச்சீங்க.”

அவர் சொன்னதை அப்படியே நாட்குறிப்பில் எழுதினேன். இந்த முறை அடிக்கோடு சரியான இடத்தில் விழுந்தது.

அதன்பிறகு மலையின் மற்ற நாடுகளில் இருந்தெல்லாம் அழைப்பு வந்து, ஷூ புஸ்தகத்தை இதுவரை ஆறு இடத்தில் போட்டுவிட்டோம். தகரப் பெட்டி செய்து தர இரண்டு பேர் முன்வந்தார்கள், ஜனங்கள் ஒப்பவில்லை. பெட்டி என்றால் சார்தான். நான் சொந்தமாகவே ஒரு சிவப்புக் கோட்டு தைத்துக்கொண்டேன், குஞ்சலம் இல்லாமல். மலைமேல் என்னை யாரும் லைப்ரரி சார் என்று கூப்பிடுவதில்லை, தபால்பெட்டி சார்தான். பிள்ளைகள் என் சட்டைப்பையில் மடித்த தாள்களைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். பெரும்பாலும் புத்தகம் கேட்டு. பூங்கொடி இப்போது தனக்கு வேண்டிய புத்தகத்தைக் கையால் காட்டுவதில்லை. வாயால் கேட்கிறார். சில சமயம் ஒரு நிமிடம், சில சமயம் மூன்று. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, வருகிறது வரட்டும் என்று நிற்கிறேன். பயிற்சி இருக்கிறது.

வீட்டில் நிலைமை வேறு. நான் பழைய சம்பவம் எதையாவது சொல்லி, அதில் ஒரு இம்மி கூட்டினாலும் மெஹருன்னிசா அடுப்படியிலிருந்தே, “ஏங்க, இது எத்தனாவது பக்கத்துல வருது?” என்கிறாள். பிரியாணியில் நான் புதினா கூடப் போட்டால் அதே கேள்வி. போன ரம்ஜானுக்கு வந்த மச்சான்கூடக் கேட்டுவிட்டார்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் ரிஸ்வானாவிடம் படிக்கக் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள், ஒன்றைத் தவிர.

“அத்தா, நாய் நெஜமாவே வந்துச்சா? எத்தனாவது பக்கம்?”

அந்த வருட நாட்குறிப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். பூங்கொடி தபாலில் சேர்த்த பத்தொன்பது வரி அங்கே ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே, ஏழாவது வரியில், ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டின்மேல் நேராக எழுதியிருக்கிறது: ‘நாய் – பழுப்பு. ஒரு சுற்று. தூக்கவில்லை.’

மெஹருன்னிசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“பாவம்,” என்றாள். “முந்நூத்தி ரெண்டை ஒருத்தரும் நம்பல. தபால்பெட்டியையாவது அந்த நாய் ஒண்ணு நம்புச்சு. செருப்பால அடிச்சு வெரட்டிட்டாங்க.”